எக்செல் கணக்கை வெப் பேஜாகச் சேமித்துப் போட்டேன், ஆளுக்கொரு மாதிரி தெரிகிறது. உதவி தேவை (செம்பூர், மும்பை)

செம்பூர்_பொருளாளர் | சனி, காலை 8:10

அனைவருக்கும் வணக்கம். செம்பூரில் 84 வீடுகள் உள்ள கூட்டுறவு ஹவுசிங் சொசைட்டி எங்களுடையது. வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போன வருஷம் முதல் பொருளாளர் பொறுப்பு. எக்செல் நன்றாகத் தெரியும், வெப் பேஜ் சமாச்சாரம் புதிது.

மார்ச் 31-ஓடு கணக்கு முடிந்தது. செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்குழு நடந்தாக வேண்டும், அதற்கு 14 நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் 84 செட் ஜெராக்ஸ் எடுத்துக் கதவிடுக்கில் செருகுவோம். பாதிப் பேர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தாள் போய்ச் சேருவதே இல்லை. அதனால் இந்த முறை சொசைட்டியின் இணையதளத்தில் போடலாம் என்று நினைத்தேன். எக்செலில் "சேவ் ஆஸ்" போய் "வெப் பேஜ்" என்று சேமித்து ஏற்றிவிட்டேன். அதே கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோய்த் தலைவரின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தபோது அச்சு அசலாக எக்செல் மாதிரியே தெரிந்தது. சந்தோஷமாக வாட்ஸ்அப் குழுவில் லிங்க் அனுப்பினேன்.

அன்று மாலையே ஆரம்பித்தது. ஆண்ட்ராய்டு ஃபோனில் வெள்ளைப் பக்கமும் அடியில் ஒரு சாம்பல் பட்டையும் மட்டும். ஐஃபோனில் எழுத்து எறும்பு மாதிரி. செலவைக் காட்டும் வட்டப் படம் யாருக்கும் வரவில்லை. மாதப் பெயர்களை இடம் போதாமல் செங்குத்தாகத் திருப்பி வைத்திருந்தேன், பிரவுசரில் அவை படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டத்தின் மேல் ஏறி நிற்கின்றன.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னைத் தூங்க விடவில்லை. பி விங்கில் தனியாக இருக்கும் ஒரு அம்மா, எழுபதைத் தாண்டியவர், ஒரு மாதம் கூட மெயின்டனன்ஸ் தவறியதில்லை. தலைப்பு நகர்ந்து கிடந்ததில் ஜூன் மாதத்துக்கு நேரே காலியாக இருப்பதாகப் பார்த்துவிட்டு, பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். "நான் கட்டலன்னு ஊருக்கே போட்டுட்டீங்களே" என்றார். அவர் கட்டியிருக்கிறார். என் ஷீட்டில் சரியாகத்தான் இருக்கிறது. அதை அவருக்குக் காட்டிப் புரியவைக்க அரை மணி ஆயிற்று.

இதை எப்படிச் சரி செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முலுண்ட்_வலைஞன் | சனி, காலை 9:02

ஐயா, முதலில் இரண்டு கேள்வி. சேமிக்கும்போது முழு ஒர்க்புக்கையும் சேமித்தீர்களா, ஒரு ஷீட்டை மட்டுமா? கூடவே "ஃபைல்ஸ்" என்று முடிகிற ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கும், அதையும் ஏற்றினீர்களா?

முழு ஒர்க்புக் என்றால், நீங்கள் ஏற்றிய முதன்மைப் பக்கத்தில் உங்கள் கணக்கு எதுவுமே இருக்காது. அது வெறும் ஃபிரேம் கூடு. மேலே ஷீட், அடியில் 39 பிக்சல் உயரத்துக்குத் தாள்களின் பெயர்ப் பட்டை. உண்மையான ஷீட்கள் ஷீட்001, ஷீட்002 என்று அந்த ஃபோல்டருக்குள் இருக்கும். வட்டப் படமும் அங்கேதான், ஒரு படக் கோப்பாக. ஃபோல்டர் போகாவிட்டால் பக்கம் வெள்ளை.

செம்பூர்_பொருளாளர் | சனி, காலை 9:40

முழு ஒர்க்புக்தான். முதல் தடவை ஃபோல்டரை ஏற்றவில்லை, ஆண்ட்ராய்டில் வெள்ளைப் பக்கம் வந்தது அப்போதுதான். மறுநாளே ஏற்றிவிட்டேன், மற்றக் குறைகள் அதற்குப் பிறகு தெரிந்தவை. ஆண்ட்ராய்டில் ஷீட் வருகிறது. ஆனால் எழுத்து இன்னும் சிறியது, தலைப்பு இன்னும் படுத்தே இருக்கிறது, வட்டப் படம் வரவில்லை. ஃபோல்டரில் படக் கோப்பு எதுவும் இல்லை. தலைவர் கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாம் சரியாகத் தெரிவது ஏன் என்றும் புரியவில்லை. அவர் ஆபீசில் ஒரு பழைய மென்பொருளுக்காக எட்ஜ் பிரவுசரில் ஏதோ ஐஇ மோட் (பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மாதிரி நடந்துகொள்ளும் முறை) வைத்திருக்கிறார்கள், அதில்தான் திறந்து காட்டினார்.

கோட்டை_பழையகை | சனி, காலை 10:25

விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது ஐயா. ஃபோர்ட்டில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் 1999 முதல் இந்த வேலைதான் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எக்செல் 2000 வந்தபோது மைக்ரோசாஃப்ட் வெப் பேஜை வெறும் பார்வைக்கான நகலாக வைக்கவில்லை. எக்ஸ்எல்எஸ் கோப்பு மாதிரியே அதுவும் ஒரு சேமிப்பு வடிவம். வெப் பேஜாகச் சேமித்ததைத் திரும்ப எக்செலில் திறந்தால் ஃபார்முலா, கட்டத்தின் வடிவமைப்பு எல்லாம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அதனால் அந்தப் பக்கத்தின் உள்ளே எக்செலுக்கு மட்டும் புரிகிற சங்கதிகள் நிறைய இருக்கும், "எம்எஸ்ஓ" என்று தொடங்குகிற ஸ்டைல்கள் எல்லாம் அந்த வகை. நீங்கள் செங்குத்தாகத் திருப்பிய மாதப் பெயரும் அப்படித்தான் எழுதப்படுகிறது. குரோமுக்கும் சஃபாரிக்கும் அது என்னவென்றே தெரியாது, விட்டுவிட்டுப் போய்விடும். எழுத்து படுத்துக்கொள்ளும், கட்டம் மட்டும் பழைய ஒல்லி அகலத்திலேயே நிற்கும். உங்கள் பி விங் அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

இன்னொன்று. அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கும். "நீ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரா, எத்தனையாவது பதிப்பு?" என்று பிரவுசரிடம் கேட்கும். 4 அல்லது அதற்கு மேல் என்று பதில் வந்தால்தான் எக்செல் மாதிரியான அழகான தாள் பட்டையைக் கட்டும். மற்றவர்களுக்கு வெறும் லிங்க் பட்டை. 2013-இல் வந்த ஐஇ 11 தன் அடையாள வரியிலிருந்து அந்தப் பழைய பெயரையே எடுத்துவிட்டது, ஆகவே அதுவே இந்தக் கேள்வியில் தோற்றுவிடும். பழைய பிரவுசர் மாதிரி நடந்துகொள்ளும் முறையில் திறந்தால் மட்டும் தேறும். தலைவர் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்த ரகசியம் இதுவாகத்தான் இருக்கும்.

வட்டப் படத்துக்கு: சேமிக்கும் பெட்டியில் டூல்ஸ் என்பதைத் தட்டி வெப் ஆப்ஷன்ஸ் போங்கள். பிரவுசர்கள் என்ற பிரிவில் விஎம்எல்-ஐ நம்பு என்று ஒரு டிக் இருக்கும். அது போட்டிருந்தால் எக்செல் படக் கோப்பை உருவாக்காது, விஎம்எல் என்ற வரைகலை மொழியில் மட்டும் எழுதிவிடும். அது ஐஇ-க்கு மட்டுமே தெரிந்த மொழி, ஐஇ 10-லேயே இயல்பான முறையில் கைவிட்டுவிட்டார்கள். டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தால் படக் கோப்பு வரும். அதே இடத்தில் "பார்ப்பவர்கள் எந்த பிரவுசர் வைத்திருப்பார்கள்" என்ற பட்டியலையும் பாருங்கள். அதில் அந்தக் காலத்து நெட்ஸ்கேப் 3 பிரவுசர் இருக்கும், ஐஇ 6 இருக்கும். பட்டியல் அங்கேயே நின்றுவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஐஇ 11 டெஸ்க்டாப் பிரவுசரை 2022 ஜூன் 15-இல் நிறுத்திவிட்டது. எட்ஜில் உள்ள ஐஇ மோடுக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு என்று சொல்லியிருக்கிறார்கள், அதுவும் பழைய ஆபீஸ் மென்பொருள்களுக்காக.

இருபது வருஷத்துக்கு முன் ஆபீசில் எல்லோர் மேசையிலும் ஒரே பிரவுசர் இருந்த காலத்துக்காகச் செய்தது இது. உங்கள் 84 வீட்டில் எத்தனை வகை ஃபோன் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சயான்_வாசகன் | சனி, காலை 10:50

பிடிஎஃப் போட்டுவிட்டுப் போகலாமே சார். எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

தாராவி_கணக்குப்பிள்ளை | சனி, பகல் 12:15

அண்ணாச்சி, நான் தாராவில தோல் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுதேன். பதினோரு பட்டறை. மொதலாளிமார் யாருகிட்டயும் கம்ப்யூட்டர் கெடையாது, எல்லாம் ஃபோனுதான். அதனால கூகுள் ஷீட்ஸ்ல போட்டு "வெப்ல வெளியிடு"ன்னு இருக்குல்லா, அதைத்தான் பயன்படுத்துதேன். ஒரு ஷீட்டை மட்டும் தேர்ந்தெடுத்து வெளியிடலாம். மூலத்துல மாத்தினா சுமார் அஞ்சு நிமிசத்துல அங்கயும் மாறிரும். எந்த ஃபோன்ல தொறந்தாலும் கட்டம் கட்டமாத் தெரியும்.

ரெண்டு எச்சரிக்கை. வெளியிட்டா லிங்க் கெடச்ச யாரு வேணும்னாலும் பாக்கலாம், லாகின் கேக்காது. பட்டறைக் கணக்குல நான் ஆளு பேரு போடமாட்டேன், எண்ணு மட்டுந்தான். ரெண்டாவது, உங்க சைட்டுக்குள்ள அதை ஃபிரேம் போட்டுப் பொருத்தினா அகலம் நீளம் நீங்க எழுதினதுதான், ஃபோன்ல பாதி வெட்டிரும். பக்கத்துக்குள்ள வைக்காம நேரா லிங்க் குடுத்துருங்க.

வாஷி_தங்கை | சனி, மதியம் 2:30

பிடிஎஃப் பற்றிச் சொன்ன அண்ணாவுக்கும், மற்றவர்களுக்கும். என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. ஃபோனில் டாக்பேக், கம்ப்யூட்டரில் என்விடிஏ என்று திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்களை வைத்துத்தான் எல்லாம் செய்கிறார். வீடு அவர் பெயரில் இருக்கிறது, மெயின்டனன்ஸ் அவர்தான் கட்டுகிறார். எங்கள் சொசைட்டி போன வருஷக் கணக்கை பிடிஎஃப்-ஆக அனுப்பியது. அவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்: "நாலாயிரத்து இருநூறு. நாலாயிரத்து இருநூறு. நாலாயிரத்து இருநூறு. பூஜ்யம். நாலாயிரத்து நானூற்று ஐம்பது." எந்த வீடு, எந்த மாதம் எதுவும் கிடையாது. அரை மணி கேட்டுவிட்டு ஃபோனைக் கீழே வைத்துவிட்டார்.

நான் அந்தக் கணக்கை எக்செலில் திறந்து வெப் பேஜாகச் சேமித்துப் பார்த்தேன். அதிலும் அதே கதை. எக்செல் எல்லாக் கட்டத்தையும் சாதாரணக் கட்டமாகவே எழுதுகிறது. தலைப்புக் கட்டம் என்று சொல்வதற்கு டிஎச் என்று தனி டேக் இருக்கிறது, அதை அது போடுவதே இல்லை. நான் கையால் மேல் வரிசையையும் வீட்டு எண் இருக்கும் முதல் நெடுவரிசையையும் டிஎச் ஆக மாற்றி, எது வரிசைக்கு, எது நெடுவரிசைக்குத் தலைப்பு என்று சொல்கிற ஸ்கோப் என்ற பண்பையும் சேர்த்தேன். என்விடிஏ-வில் திரும்பக் கேட்டபோது மாதம் மாறும் இடத்தில் மாதத்தின் பெயரையும், வீடு மாறும் இடத்தில் வீட்டு எண்ணையும் சேர்த்துச் சொன்னது. அண்ணன் ஒரு தடவை முழுக்கக் கேட்டார். பிறகு, "லிஃப்ட் ரிப்பேருக்கு ரெண்டு தடவை பணம் எடுத்திருக்காங்க, கேளு" என்றார்.

உண்மையில் இரண்டு தடவைதான் எடுத்திருந்தார்கள். இரண்டாவது தவணை, தப்பில்லை. ஆனால் அதைக் கேட்கிற உரிமை அவருக்கு அன்றுதான் கிடைத்தது. பொருளாளர் ஐயா, நீங்கள் திரும்பச் செய்யும்போது தயவுசெய்து இதைச் சேர்த்துவிடுங்கள்.

சயான்_வாசகன் | சனி, மதியம் 2:52

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை அம்மா. என் பதிவைத் திரும்பப் பெறுகிறேன். ஆடிட்டர் கையெழுத்திட்ட ஐந்தொகைக்கு மட்டும் பிடிஎஃப் இருக்கட்டும், அது மாறக்கூடாத தாள்.

மாட்டுங்கா_புத்தகஅலமாரி | சனி, மாலை 5:05

இழையை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் நோய் ஒன்றுதான். மாட்டுங்காவில் ஒரு சிறிய தமிழ் நூலகத்தின் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறேன். சுமார் 3,000 புத்தகம். 2003-இல் ஒருவர் பாமினி எழுத்துருவில் எக்செலில் அடித்து வைத்துவிட்டுப் போனார். அதை வெப் பேஜாகப் போட்டபோது வாசகர்கள் பார்த்தது முழுக்க ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அந்த எழுத்துரு இல்லாத ஃபோனில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். அந்த நாளில் பத்திரிகை தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பின. ஐஇ-க்கு ஒரு வடிவம், நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வடிவம் என்று இரண்டு செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் தருகிற யூனிகோடுக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

மாற்றிய பிறகு புதிதாக ஒன்று முளைத்தது. பக்கத்தில் ஆசிரியர் பெயரைத் தொட்டால் அகர வரிசையில் அடுக்குகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் போட்டுத் தந்தார்கள். அது அடுக்கிய வரிசை நம் நெடுங்கணக்கே இல்லை. யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. ற, ர-வுக்கு அடுத்து. ழ-வும் ள-வும் வ-வுக்கு முன்னால். குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அப்படித்தான் வரும். "தமிழ் முறைப்படி ஒப்பிடு" என்று மொழியைச் சொல்லிக் கொடுத்தால் இன்றைய பிரவுசர்கள் சரியாக அடுக்குகின்றன. சிறுவர்கள் அகராதி பார்க்கப் பழகுகிற வயதில் நூலகப் பட்டியலே தப்பான வரிசையைக் காட்டக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சிஎஸ்வி (கட்டங்களைக் கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆக ஏற்றுமதி செய்கிறவர்கள் கவனிக்க: சாதாரண சிஎஸ்வி-யைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். யூனிகோடு எழுத்தைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கேள்விக்குறியான பிறகு மீட்க வழியே இல்லை, மூலக் கோப்பை மூடுவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள்.

முலுண்ட்_வலைஞன் | சனி, இரவு 10:48

பொருளாளர் ஐயா, அவசரம். தனிச் செய்தியில் நீங்கள் கொடுத்த லிங்கை இப்போதுதான் கம்ப்யூட்டரில் திறந்து பக்கத்தின் மூல நிரலைப் பார்த்தேன். உங்கள் ஷீட்டில் சில நெடுவரிசைகளை "ஹைட்" செய்திருக்கிறீர்கள் இல்லையா? ஃபோன் எண், வாடகைதாரர் விவரம், இன்னும் சில. அவை எல்லாம் பக்கத்தின் உள்ளே அப்படியே இருக்கின்றன. மறைத்து வைத்த "பாக்கி வழக்கு" ஷீட்டும் அந்த ஃபோல்டரில் தனிக் கோப்பாக இருக்கிறது, முகவரி தெரிந்தால் யாரும் நேராகத் திறக்கலாம். தயவுசெய்து உடனே இறக்கிவிடுங்கள். மற்றதை நாளை பேசலாம்.

செம்பூர்_பொருளாளர் | சனி, இரவு 11:20

இறக்கிவிட்டேன். முதன்மைப் பக்கம், ஃபோல்டர் இரண்டையும். கை நடுங்குகிறது. வங்கியில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளரின் கணக்கு எண்ணை அடுத்தவர் பார்க்கும்படி மேசையில் விட்டதில்லை.

செம்பூர்_பொருளாளர் | ஞாயிறு, காலை 7:15

தலைவருக்கும் செயலாளருக்கும் காலையிலேயே ஃபோன் செய்து சொன்னேன். உறுப்பினர் குழுவிலும் எழுதிவிட்டேன்: என்ன விவரம், எத்தனை நாள் வெளியே இருந்தது, இப்போது எடுத்தாகிவிட்டது, பொறுப்பு என்னுடையது. இரண்டு பேர் கோபப்பட்டார்கள். நியாயம்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன், எக்செலில் மறைத்தது மறைந்ததாகத்தானே அர்த்தம்?

கோட்டை_பழையகை | ஞாயிறு, காலை 8:30

நேற்று நான் சொன்னதன் மறுபக்கம் இது ஐயா, அப்போதே எச்சரித்திருக்க வேண்டும், தவறிவிட்டேன். திரும்ப எக்செலில் திறந்தால் எல்லாம் கிடைக்க வேண்டும் என்பதால், மறைத்தது உட்பட எல்லாம் உள்ளே இருந்தாக வேண்டும். பிரவுசருக்கு "இதைக் காட்டாதே" என்று மட்டும் சொல்லப்பட்டிருக்கும். கோப்பை எழுதியவர் பெயர்கூட உள்ளே இருக்கும்.

தாராவி_கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 9:10

கூகுள் ஷீட்லயும் கவனம் வேணும் அண்ணாச்சி. பாக்க மட்டும்னு ஷேர் பண்ணினாலும், நகல் எடுக்க அனுமதி இருந்தா ஒருத்தர் நகல் எடுத்து மறைச்ச வரிசையைத் தொறந்து பாத்துரலாம். மறைக்காதீங்க. வெளிய போக வேண்டியதை மட்டும் தனிக் கோப்புல எழுதுங்க. எங்க பட்டறையில ஒரு பழக்கம்: கூலிக் கணக்கு ஒரு பொஸ்தகம், பார்ட்டிக்குக் காட்டுத பொஸ்தகம் வேற. ஒரே பொஸ்தகத்துல பக்கத்தை ஒட்டி மறைக்கிற வழக்கம் கெடையாது.

முலுண்ட்_வலைஞன் | ஞாயிறு, மதியம் 12:40

இவர் சொன்னதைத்தான் வழியாக எடுத்துக்கொண்டேன். ஐயாவோடு காலையில் ஒரு மணி நேரம் ஃபோனில் பேசினேன். முடிவு இது.

எக்செலின் "வெப் பேஜ்" சேமிப்பை விட்டுவிடுகிறோம். புதிதாக ஒரு ஒர்க்புக், பெயர் "வெளியீடு". அதில் மூலத்திலிருந்து மதிப்புகளை மட்டும் ஒட்டுகிறோம், ஃபார்முலா இல்லை, மறைத்தது எதுவும் இல்லை, ஆள் பெயர் இல்லை, வீட்டு எண் மட்டும். அதை சிஎஸ்வி யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால், நான் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்னப் பக்கம் அதைப் படித்து எளிய அட்டவணையாகக் காட்டும். தலைப்புகளும் வீட்டு எண்களும் டிஎச், வாஷி தங்கை சொன்னபடி. மாதப் பெயர் மூன்றெழுத்துச் சுருக்கமாகப் படுத்தே இருக்கும், திருப்பும் வேலையே வேண்டாம்.

எறும்பு எழுத்துக்குக் காரணம், திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தை வை என்று ஃபோனுக்குச் சொல்லும் வியூபோர்ட் வரியை எக்செல் எழுதாததுதான். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஐஃபோன் பக்கத்தை 980 பிக்சல் அகலத் திரை என்று எண்ணிக்கொண்டு சுருக்கிவிடும். வரியைச் சேர்த்து, அட்டவணையை மட்டும் பக்கவாட்டில் நகரும் பெட்டிக்குள் வைத்தால் எழுத்து படிக்கிற அளவில் நிற்கும்.

பன்னிரண்டு மாதம் பக்கவாட்டில் நகர்த்தும்போது எந்த வீட்டின் வரிசை என்று மறந்துவிடும். எக்செலில் ஃப்ரீஸ் பேன் மாதிரி முதல் நெடுவரிசையையும் தலைப்பையும் நிறுத்த, பொசிஷன் ஸ்டிக்கி என்ற ஸ்டைல் கட்டளையைப் போடுகிறேன். இதில் ஒரு பழைய பள்ளம்: குரோமில் தனிக் கட்டங்களுக்கு 2017-இலேயே வேலை செய்தது, தலைப்பு வரிசை முழுவதற்கும் சேர்த்துப் போட்டால் 2021 வரை செய்யவில்லை. அதனால் ஒவ்வொரு தலைப்புக் கட்டத்துக்கும் தனித்தனியாகப் போடுவதுதான் பத்திரம். இன்னொரு பள்ளம் கோடு. கட்டக் கோடுகளை ஒன்றாக்கி வைத்தால், நின்ற தலைப்பை விட்டுவிட்டுக் கோடு மட்டும் நகர்ந்து போகும். கோடுகளைத் தனித்தனியாக வைத்து இடைவெளியைப் பூஜ்யமாக்கிவிட்டால் சரி.

பொவாய்_நிரலர் | ஞாயிறு, மதியம் 1:25

சிஎஸ்வி-யில் கட்டிய தேதி இருந்தால் ஜாக்கிரதை. நம் ஊர் வழக்கப்படி 05-04-2025 என்று எழுதியிருப்பீர்கள், ஏப்ரல் 5. அதை ஜாவாஸ்கிரிப்டிடம் தேதியாகப் படிக்கச் சொன்னால் குரோம் அதை மே 4 என்று படிக்கும். 25-04-2025 என்றால் அப்படி ஒரு மாதமே இல்லை, செல்லாத தேதி என்றுவிடும். ஆக 12-க்கு மேற்பட்ட நாள் மட்டும் பிழை காட்டும், மற்றவை சத்தமில்லாமல் தப்பாகும். பிழை காட்டுவதையாவது பிடித்துவிடலாம். வருஷத்தை முன்னால் போட்டு 2025-04-05 என்று எழுதினால் எல்லா பிரவுசரும் ஒத்துக்கொள்ளும். ஆனால் நேரம் இல்லாத அந்தத் தேதியை யுடிசி என்ற உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும், அமெரிக்காவில் இருந்து பார்க்கிற உறுப்பினருக்கு முந்தின நாள் காட்டலாம். அபராத வட்டி கணக்கிடும் சொசைட்டியில் ஒரு நாள் என்பது சண்டைக்குப் போதும்.

என் யோசனை: பிரவுசரைத் தேதி படிக்கவே விடாதீர்கள். எக்செலிலேயே டெக்ஸ்ட் ஃபார்முலாவால் "05 ஏப்ரல் 2025" என்று எழுத்தாக மாற்றி அனுப்புங்கள். தொகைக்கு மட்டும், லட்சக் கமா வர வேண்டுமென்றால் இந்திய முறை என்று மொழிக் குறியைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஃபோன் எந்த நாட்டு அமைப்பில் இருக்கிறதோ அந்த முறைப்படி வரும், 12,34,567 என்பது 1,234,567 ஆகிவிடும்.

முலுண்ட்_வலைஞன் | ஞாயிறு, மதியம் 1:40

தேதியை எழுத்தாக்குவது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். கமாவும் அப்படியே.

மாட்டுங்கா_புத்தகஅலமாரி | ஞாயிறு, மாலை 4:00

ரூபாய்க் குறியையும் பாருங்கள். யூனிகோடில் அது 2010-இல்தான் சேர்ந்தது. அந்தச் சமயத்தில் சிலர் ஒரு தனி எழுத்துருவை நிறுவி, டேப் விசைக்கு மேலே இருக்கும் சாய்ந்த கோட்டு விசையால் ரூபாய்க் குறி அடித்தார்கள். எங்கள் நன்கொடைப் பட்டியலில் இப்போதும் தொகைக்கு முன்னால் அந்தச் சாய்ந்த கோடு மட்டும் நிற்கிற வரிகள் இருக்கின்றன. உங்கள் பழைய டெம்ப்ளேட்டில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

செம்பூர்_பொருளாளர் | புதன், இரவு 9:30

புதிய பக்கம் நேற்று ஏறியது. இன்று வேலையை ஒதுக்கிவிட்டு நான்கு விங்கிலும் ஏறி இறங்கினேன். ஆறு ஃபோன், இரண்டு லேப்டாப், ஒரு டேப்லெட். குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், சாம்சங் ஃபோனில் கூடவே வரும் பிரவுசர். கணக்கு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. ஒரு பழைய ஆண்ட்ராய்டில் மட்டும் வீட்டு எண் நெடுவரிசை நிற்காமல் நகர்ந்துபோகிறது. அவர் மகன் பிரவுசரைப் புதுப்பித்துத் தருகிறேன் என்றார்.

வட்டப் படத்தை எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதில் செலவினத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன், தண்ணீர் வரியும் வாட்ச்மேன் சம்பளமும் மேலே வந்து நிற்கின்றன.

பி விங் அம்மா தன் வரிசையை விரலால் தொட்டு மாதம் மாதமாக வாசித்தார். ஜூனில் நின்று, "இருக்கு" என்றார். பிறகு அடுக்களையில் போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

வாஷி தங்கைக்கு: லிங்கைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் அண்ணன் ஒரு தடவை கேட்டுப் பார்த்துச் சொன்னால் நன்றி.

வாஷி_தங்கை | வியாழன், காலை 10:15

கேட்டார். வீட்டு எண், மாதம், தொகை எல்லாம் சரியாகச் சொல்கிறது. ஒரு குறை: கட்டாத மாதத்தில் கட்டம் காலியாக இருப்பதால் "வெற்று" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறது. அங்கே "பாக்கி" என்று எழுதினால் நல்லது என்கிறார். கண்ணால் பார்க்கிறவர்களுக்கும் அதுவே தெளிவு.

செம்பூர்_பொருளாளர் | வியாழன், காலை 11:00

எழுதிவிட்டேன். உங்கள் அண்ணனுக்கு என் வணக்கம்.

கடைசியாக ஒரு சந்தேகம். சொசைட்டி கம்ப்யூட்டரில் 2004 முதல் 2011 வரை பழைய கணக்குகள் எம்எச்டி என்று முடிகிற கோப்புகளாக இருக்கின்றன. எனக்கு முன்னால் பொருளாளராக இருந்தவர் சேமித்தவை, அவர் காலமாகிவிட்டார். ஃபயர்ஃபாக்சில் திறக்கவே இல்லை. ரீடெவலப்மென்ட் (கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது) பேச்சு நடப்பதால், கட்டடத்தின் பெரிய வேலைகளுக்காகச் சேர்த்து வைக்கும் சிங்கிங் ஃபண்டின் பழைய வரவு எல்லாம் தேவைப்படுகிறது.

கோட்டை_பழையகை | வியாழன், மதியம் 12:20

அது ஒற்றைக் கோப்பு வெப் பேஜ். ஃபோல்டரையும் பக்கத்தையும் ஒரே கோப்பாக, மின்னஞ்சல் இணைப்பு மாதிரி கட்டி வைப்பது. ஃபயர்ஃபாக்ஸ் அதைப் படிக்காது, குரோமும் எட்ஜும் படிக்கும். ஆனால் நீங்கள் பிரவுசர் பக்கமே போகாதீர்கள். எக்செலைத் திறந்து, அதன் உள்ளிருந்து கோப்பைத் திறங்கள். எக்செல் தனக்காக எழுதி வைத்ததெல்லாம் உள்ளே இருக்கிறது என்று சொன்னேனே, அது இங்கே உங்களுக்குப் பயன்படும். திறந்ததும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக ஒரு நகல் சேமித்துக்கொள்ளுங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம்.

செம்பூர்_பொருளாளர் | வியாழன், இரவு 8:45

எட்டு கோப்பும் திறந்தன. 2006-இன் கோப்பில் கூட்டல் ஃபார்முலா எல்லாம் அப்படியே வேலை செய்கிறது. ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தேன், அடியில் மொத்தம் மாறியது. சிங்கிங் ஃபண்ட் நெடுவரிசையில் ஒரு கட்டத்தின் ஓரம் சிவப்பு முக்கோணம் இருந்தது. சுட்டியைக் கொண்டுபோனேன். அவர் எழுதிய குறிப்பு: "டி விங் 11 வீடு, மழையில் ரசீதுப் புத்தகம் நனைந்தது. தொகை பாஸ்புக்கில் சரிபார்த்தேன்." அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களுக்கும் நாளை சொல்லப் போகிறேன்.